கறுக்கும் பாலும் வெளுக்கும் தோலும்

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட், பத்து காஜா, தஞ்சோங் மாலிம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். விடியுமுன் உளி பட்ட பட்டையிலிருந்து வழிந்து மங்கு என்ற கிண்ணத்தில் விழும்போது பால் பசும்பாலின் வெள்ளை. மறுநாள் அதே வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்தால் பழுப்பு. எடுக்காமல் விட்ட மங்கில் இறுகிய கட்டிப்பாலோ மேற்பக்கமெல்லாம் கறுத்துப் போயிருக்கும். யாரும் அதில் சாயம் கலக்கவில்லை, அடுப்பில் வைக்கவும் இல்லை. சும்மா இருந்தே கறுத்தது.

அந்தத் தோட்டங்கள் பலவும் இன்று செம்பனைக் காடுகளாகிவிட்டன. அங்கிருந்து ஈப்போ புந்தோங்குக்குக் குடிவந்த குடும்பங்களில் இதற்கு நேரெதிரான காட்சி ஒன்றைப் பார்க்கலாம். ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் ஒட்டுப்பொட்டு வைத்த பெண்களில் சிலருக்கு, பொட்டை எடுத்தால் நெற்றியில் அதே வட்டத்தில், அதே அளவில் வெள்ளைத் தடம். சிலருக்கு ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில், வாரின் வடிவத்திலேயே பாதம் வெளுத்திருக்கும்.

ஒரு பக்கம் வெள்ளை கறுக்கிறது, மறு பக்கம் கறுப்பு வெளுக்கிறது. இரண்டையும் செய்வது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள். அதிமதுரம் முதல் ஜப்பானிய முகப்பூச்சு வரை, தோலை வெளுக்க வைக்கும் தாவரப் பொருள்கள் பெரும்பாலானவை போய்ச் சேரும் இடமும் அதுவே.

செம்பு பூண்ட நொதி

அரிந்த வாழைக்காயைத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும் என்பது அடுக்களையில் எல்லாருக்கும் தெரியும். கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் அப்படித்தான். முழுக்காயாக இருக்கும்வரை அதன் செல்லுக்குள் நொதி ஓர் அறையிலும் அது வேலை செய்யவேண்டிய பீனால் வகைப் பொருள்கள் வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி அந்தச் சுவர்களை உடைக்கிறது. நொதியும் பீனாலும் காற்றின் ஆக்சிஜனும் சந்திக்கின்றன. பீனால் 'குவினோன்' என்ற துடுக்கான பொருளாக மாறுகிறது. அந்தக் குவினோன்கள் ஒன்றோடொன்றும் பக்கத்திலுள்ள புரதங்களோடும் பிணைந்து கறுப்பு நிறமியாகின்றன.

ரப்பர் பாலிலும் இதே கதை. பாலில் மிதக்கும் நுண்ணிய பைகளுக்குள் இந்த நொதி அடைபட்டிருக்கிறது. பால் உறையும்போது பைகள் வெடித்து நொதி வெளியே வருகிறது. பாலில் இத்தகைய ஆக்சிஜனேற்ற நொதிகள் இருப்பதை 1908-லேயே ஸ்பென்ஸ் என்ற வேதியியலாளர் எழுதியிருக்கிறார். ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், 1877-இல், கோல கங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டு அப்போது முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

மனிதத் தோலில் இந்த நொதியின் பெயர் டைரோசினேஸ். வாழைக்காயின் நொதிக்கும் ரப்பர் பாலின் நொதிக்கும் இதற்கும் பொதுவான அடையாளம், நடுவில் பக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு செம்பு அணுக்கள். ஆக்சிஜனைப் பிடித்துப் பீனாலின் மேல் ஏற்றுவது அவைதான். செம்பை எடுத்துவிட்டால் நொதி வெறும் புரதம்.

தோலின் மேலடுக்கில் அடிவரிசையில் நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு நிறமிச் செல்லுக்குள்ளும் 'நிறமிப்பொதி' எனச் சொல்லத்தக்க சின்னஞ்சிறு பைகள் உண்டு. டைரோசினேஸ் அதற்குள்தான் பூட்டப்பட்டிருக்கிறது. உணவிலிருந்து வரும் டைரோசின் என்ற அமினோ அமிலம் பொதிக்குள் நுழைந்ததும் குவினோனாகி, கடைசியில் மெலனின் ஆகிறது. நிரம்பிய பொதிகளை நிறமிச் செல் தன் நீண்ட கைகளால் அக்கம்பக்கத்துத் தோல் செல்களுக்கு விநியோகிக்கிறது. சராசரியாக 36 தோல் செல்களுக்கு ஒரு நிறமிச் செல் என்று கணக்கு.

இந்த எண்ணிக்கை எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈப்போ கடைத்தெருவில் எதிரெதிரே வரும் தமிழருக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பொதியின் அளவும், அதில் எவ்வளவு மெலனின் நிரம்புகிறது என்பதும், பொதிகள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதும்தான் மாறுகின்றன. அழகுசாதனத் தொழில் கோடிக்கணக்கில் பணம் பார்ப்பது இந்தச் சிறிய வித்தியாசத்தை வைத்துத்தான்.

தோட்டத்து ஸ்டோரில் வெளுக்கவைத்த உப்பு

பால் கறுப்பதைத் தடுக்கத் தோட்டங்களுக்கு ஒரு தேவை இருந்தது. புகை போட்ட ஷீட்டு எப்படியும் பழுப்பாகத்தான் வரும், அதில் நிறம் ஒரு பொருட்டில்லை. ஆனால் 'வெளிர் கிரேப்' என்ற வெள்ளை ரப்பருக்கு நல்ல விலை. அதைப் புகையில் காட்டுவதில்லை, காற்றில் உலர்த்துவார்கள். உலரும் நாள்களில் நொதி சும்மா இருக்குமா? அதற்காகவே பாலில் சோடியம் பைசல்பைட் என்ற உப்பைச் சிறிதளவு கரைத்தார்கள். அது நொதியை முடக்கும், உருவாகும் குவினோனையும் கையோடு பிடித்துவிடும். இறால் தலை கறுக்காமலிருக்கக் கடலோர வியாபாரிகள் பயன்படுத்துவதும் இந்த வகை உப்பைத்தான். இறால் கறுப்பதும் இதே குடும்ப நொதியால்தான்.

தோட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. பாலில் செம்பு, பித்தளைச் சாமான் படக்கூடாது. செம்பு கலந்தால் ரப்பர் ஆக்சிஜனேற்றத்தில் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெடும். தோலைக் கறுப்பாக்கும் அதே உலோகம் ரப்பரை மூப்படையச் செய்கிறது. அந்த மூப்பைத் தடுக்கச் சேர்த்த ஒரு பொருள்தான் தோல் நிறத்தின் வரலாற்றில் பெரிய திருப்பத்தை உண்டாக்கியது.

1939: கையுறை சொன்ன செய்தி

அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் கைகளில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. அவர்களில் கறுப்பினத்தவர் அதிகம் என்பதால் திட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் என்ற மூன்று மருத்துவர்கள் 1939-இல் இதைப் பற்றி எழுதினார்கள். முதலில் ஆலையின் ரசாயனங்கள்மேல் சந்தேகம் போனது. ஆனால் திட்டுகள் கையுறை மூடிய பரப்போடு ஒத்துப் போயின. குறிப்பிட்ட ஒரு வகை ரப்பர் கையுறை அணிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நிறம் போயிருந்தது. சிலருக்குக் கையுறை தொடாத உடற்பகுதிகளிலும் திட்டுகள் வந்திருந்தன.

கையுறையின் ரப்பரில் கலந்திருந்த மூப்புத்தடுப்பான் மோனோபென்சோன். ஹைட்ரோகுவினோன் என்ற எளிய பீனாலில் ஒரு வால் ஒட்டிய மூலக்கூறு அது. ரப்பரைத் தாக்க வரும் ஆக்சிஜனுக்கு இந்தப் பீனால்கள் தம்மையே கொடுத்துவிடும், அதனால் ரப்பர் பிழைக்கும். டைரோசினேஸின் தொழில் என்ன? பீனால்களை ஆக்சிஜனுக்குக் கொடுப்பது. ஆக, ரப்பரைக் காத்த பொருள் தோலைத் தாக்கியது தற்செயல் இல்லை. எந்தக் குணத்துக்காக அது ரப்பரில் சேர்க்கப்பட்டதோ அதே குணம்தான் தோலில் நிறமிச் செல்லின் கதவைத் திறந்துவிட்டது.

இந்தச் சம்பவத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் நிறம் போவதற்கான இரண்டு வழிகளில் கடினமானதை இது காட்டுகிறது. டைரோசின் மூலக்கூறு ஒரு வளையம். ஒரு முனையில் ஆக்சிஜன் பிடி, நேர் எதிர் முனையில் ஒரு வால். மோனோபென்சோனும் அதே அமைப்பு: வளையம், ஒரு முனையில் பிடி, எதிர் முனையில் வால். நொதிக்கு இரண்டும் ஒரே ஆள்போலத் தெரிகின்றன. மோனோபென்சோனை உள்ளே இழுத்து, வழக்கம்போல ஆக்சிஜன் ஏற்றி, குவினோனாக்கிவிடுகிறது. ஆனால் டைரோசினிலிருந்து வரும் குவினோன் ஒழுங்காக மெலனினுக்குப் போகும், இது போகாது. பக்கத்திலிருக்கும் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது, முக்கியமாக டைரோசினேஸின் மேலேயே. உருமாறிய அந்தப் புரதத்தை உடலின் எதிர்ப்புச் செல்கள் அந்நியனாகப் பார்க்கின்றன. நிறமிச் செல்கள் வேட்டையாடப்படுகின்றன. கையுறை தொடாத இடங்களிலும் திட்டுகள் வந்ததற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. வேட்டை தொடங்கிய பிறகு எதிர்ப்புச் செல்களுக்கு முழங்கையும் முதுகும் ஒன்றுதான்.

இப்படி டைரோசின் வேடமிட்டு உள்ளே நுழைபவற்றை இந்த அத்தியாயத்தில் 'வேடதாரிகள்' என்போம். நொதியின் வேலையை வெறுமனே நிறுத்திவைப்பவற்றுக்கு 'அடைப்பான்கள்' என்று பெயர் வைக்கலாம். அடைப்பானை நிறுத்தினால் நொதி மறுபடி ஓடும், நிறம் திரும்பும். வேடதாரி செல்லையே கொன்றுவிடக்கூடும்.

1950-களில் மருத்துவர்கள் இந்தக் கொலைகாரனையே மருந்தாக்கினார்கள். உடலில் பெரும்பகுதி வெண்புள்ளியால் வெளுத்துவிட்டவர்களுக்கு, மீதமிருக்கும் கறுப்புத் திட்டுகளையும் நீக்கி ஒரே நிறமாக்க 20 சதவீத மோனோபென்சோன் களிம்பு. மைக்கேல் ஜாக்சன் வெள்ளையாக ஆசைப்பட்டுத் தோலை மாற்றிக்கொண்டார் என்று ஊரெல்லாம் பேசியது. 2009-இல் அவர் இறந்தபின் வந்த பிரேதப் பரிசோதனை அறிக்கை, அவருக்கு வெண்புள்ளி இருந்ததை உறுதி செய்தது.

ஒட்டுப்பொட்டின் பசையிலும் ஒரு வேடதாரி இருக்கிறது. பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்று பெயர் மட்டும் நீளம், அமைப்பு அதேதான்: வளையம், பிடி, எதிரில் வால். 1990-இல் இந்தியத் தோல் மருத்துவர் பஜாஜும் அவர் குழுவினரும் பொட்டுப் பசையில் தனித்து நின்ற இந்தப் பீனாலே நெற்றி வெளுப்புக்குக் காரணம் என்று காட்டினார்கள். செருப்பு விஷயத்திலும் குற்றவாளிகள் இவர்களேதான்: வாரின் ரப்பரில் மோனோபென்சோன், ஒட்டும் பசையில் பியூட்டைல் பீனால். ஒரே இடம், தினமும், பல மணி நேரம் என்ற மூன்றும் சேர்ந்தால் சிறு அளவே போதும்.

அதிமதுரம், பலாவின் பங்காளி, சோயா பூஞ்சை

மூலிகைகளில் அடைப்பான்கள் நிறைய. செடிக்கும் பீனால் கறுப்பு ஒரு சங்கடம்தானே, அதைக் கட்டுப்படுத்தும் பொருள்களும் செடிகளிலேயே இருப்பதில் வியப்பில்லை.

ஈப்போவில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் அதிமதுரம் கிடைக்கும். அதன் வேரில் இருக்கும் கிளாப்ரிடின் டைரோசினேஸைத் தடுப்பதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வளர்ப்புச் செல்களிலும் புற ஊதா ஒளி பட்ட கினிப்பன்றித் தோலிலும் காட்டினார்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அதிமதுரத்தின் இனிப்பு கிளிசிரைசின் என்ற வேறொரு பொருளால் வருவது. கிளாப்ரிடின் தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. அதிமதுரப் பொடியைத் தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசுபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இனிப்புதான்.

சோயா சாஸ் தயாரிக்க உதவும் ஒரு பூஞ்சையிலிருந்து 1907-இல் ஜப்பானில் சைட்டோ பிரித்தெடுத்தது கோஜிக் அமிலம். ஈப்போவின் பேர்போன தவுகே கோழியில் ஊற்றுகிற சாஸுக்குப் பின்னால் இருப்பதும் அந்தப் பூஞ்சை வகையே. கோஜிக் அமிலம் நொதியின் செம்பைப் பற்றிக்கொள்கிறது. பற்றியிருக்கும்வரை நொதிக்கு வேலை ஓடாது.

பேராக்கின் வடக்கு எல்லையைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கே பலாமரத்தின் பங்காளியான லகூச்சா மரத்தின் வைரத்தைக் காய்ச்சி எடுத்த பொடி நாடாப்புழுவுக்குப் பழைய நாட்டு மருந்து. அதில் நிறைந்திருப்பது ஆக்சிரெஸ்வெரட்ரால். முசுக்கொட்டையிலும் இது உண்டு. 2006-இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில் பெண்களின் மேற்கையில் மூன்று பொருள்களைத் தனித்தனியே தடவிப் பார்த்தார்கள், லகூச்சாவும் அதிமதுரமும் 0.25 சதவீதம், கோஜிக் அமிலம் 3 சதவீதம். லகூச்சாவின் பலன் 4 வாரத்தில் தெரிந்தது, கோஜிக் அமிலத்துக்கு 6 வாரம், அதிமதுரச் சாறுக்கு 10 வாரம். வாரக்கணக்கு என்பது சும்மா இல்லை. புதிய மெலனின் உருவாவதைத்தான் அடைப்பான் தடுக்கிறது. ஏற்கெனவே தோலில் ஏறிய மெலனின், அந்தத் தோல் செல்கள் மேலேறி உதிரும்வரை இருந்துதான் போகும். 'மூன்று நாளில் பளிச்' என்று எழுதிய டப்பா உடலியலை மீறப் பார்க்கிறது, அல்லது அதில் எழுதாத வேறெதுவோ இருக்கிறது.

ஐரோப்பாவில் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்தாகும் கரடிப்பழச் செடியின் இலையில் ஆர்பூட்டின் இருக்கிறது. இது இரண்டுங்கெட்டான். ஹைட்ரோகுவினோனின் பிடியில் ஒரு சர்க்கரைத் தொப்பி மாட்டியதே ஆர்பூட்டின். தொப்பியோடு இருக்கும்வரை சாதுவான அடைப்பான். தோலில் வாழும் சில பாக்டீரியாக்கள் தொப்பியைக் கழற்றினால் உள்ளிருக்கும் ஹைட்ரோகுவினோன் வெளியே வருகிறது.

இத்தகைய 'டைரோசினேஸ் தடுப்பான்' மூலிகைகளைப் பற்றி ஆயிரக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. அவற்றில் மிகப் பல, பொத்தான் காளானிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு செய்யப்பட்டவை, மலிவாகக் கிடைப்பது அதுதான் என்பதால். ஆனால் காளானின் டைரோசினேஸும் மனிதனுடையதும் ஒரே வார்ப்பு அல்ல. 2018-இல் ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மனித நொதியையே தயாரித்து, 50,000 பொருள்களை அதனிடம் சோதித்தார்கள். ஆர்பூட்டினும் கோஜிக் அமிலமும் மனித நொதியிடம் பலவீனமாகவே இருந்தன. காளானைக் கறுக்கவிடாத மூலிகை முகத்தை வெளுக்கவைக்கும் என்று விளம்பரம் செய்வது, பரீட்சையை ஒருவர் எழுத மதிப்பெண்ணை இன்னொருவர் வாங்குவது மாதிரி.

கண்மருந்து மரமும் கானெபோ கோளாறும்

அடைப்பான் என்று நம்பி ஒரு வேடதாரியைச் சந்தைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் பார்த்தது.

ஜப்பானிய மலைக்காட்டில் வளரும் நிக்கோ மேப்பிள் மரத்துக்கு அங்கே 'கண்மருந்து மரம்' என்று பெயர். பட்டையை ஊறவைத்த நீரில் கண் கழுவுவது நாட்டு வைத்தியம். அதில் இருக்கும் ரோடோடென்ட்ரால் டைரோசினேஸைத் தடுக்கிறது என்று சோதனையில் தெரிந்தது. கானெபோ நிறுவனம் அதைச் செயற்கையாகத் தயாரித்து, 2 சதவீத அளவில் முகப்பூச்சுகளில் சேர்த்தது. அரசின் அனுமதியும் கிடைத்து 2008-இல் விற்பனை தொடங்கியது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள்.

முகத்திலும் கழுத்திலும் கையிலும் திட்டுத்திட்டாய் நிறம் போனதாகப் புகார்கள் வந்தன. 2013 ஜூலையில் நிறுவனம் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டவர்கள் 18,000-க்கு மேல். பயன்படுத்தியவர்களில் 2 சதவீதம் அளவு. நூற்றில் மற்ற 98 பேருக்கு எதுவும் நேரவில்லை, ஆபத்து இத்தனை ஆண்டு கண்ணில் படாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ரோடோடென்ட்ராலின் அமைப்பை வரைந்து பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி இருந்திருக்காது. வளையம், பிடி, எதிரே வால். ஜப்பானிய ஆய்வாளர்கள் பிறகு சோதனைக் குழாயில் செய்துகாட்டியது தெளிவானது: டைரோசினேஸ் இருக்கும் நிறமிச் செல்கள் இந்தப் பொருளால் சாகின்றன, டைரோசினேஸைக் குறைத்துவிட்டால் அதே செல்கள் பிழைக்கின்றன. நொதி தன் கையாலேயே நஞ்சைத் தயாரித்துக்கொள்கிறது. எனவே எந்தத் தோலில் நொதி அதிகச் சுறுசுறுப்பாக இருக்கிறதோ அங்கேதான் ஆபத்து கூடும். கறுத்த தோலை வெளுக்க வைக்கும் பூச்சுகளுக்கு இது ஒரு சங்கடமான செய்தி.

கண்மருந்து மரத்தின் பெயர் நூற்றாண்டுகளாக நல்ல பெயர்தான். நீரில் ஊறிய பட்டையின் துளியும், தினமும் இருவேளை முகம் முழுக்கத் தேய்க்கும் 2 சதவீதக் குழம்பும் ஒன்றல்ல. ரப்பர் தொழிற்சாலையிலிருந்து வந்ததா, மூலிகைத் தோட்டத்திலிருந்து வந்ததா என்பது நொதிக்குத் தெரியாது. மூலக்கூறின் உருவமும் அளவும் மட்டுமே அதற்குத் தெரியும்.

வெளுக்கப் போய்க் கறுத்தவர்கள்

எலுமிச்சையை வெட்டி முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்கள் உண்டு. எலுமிச்சை வகைகளின் தோலில் பெர்காப்டன் முதலிய பொருள்கள் இருக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் இவை தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கி, பிறகு மாதக்கணக்கில் போகாத கறுப்புக் கோடுகளை விட்டுச்செல்லும். பேராக்கின் மதிய வெயிலுக்கு இதற்கு அதிக நேரம் தேவைப்படாது. இதே குடும்பப் பொருள் கார்போகரிசியில் இருக்கிறது. வெண்புள்ளிக்குச் சித்த வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துவதன் சூட்சுமமும் இதுவே, வெயிலோடு சேர்த்து நிறத்தை வரவழைக்க.

ஹைட்ரோகுவினோனும் அளவு தவறினால் நேரெதிராக வேலை செய்யும். 1975-இல் தென் ஆப்பிரிக்காவின் ஃபிண்ட்லே, ஆண்டுக்கணக்கில் வெளுப்புக் களிம்பு பூசிய பெண்களின் கன்னத்தில் நீலம் கலந்த கருமை படர்ந்ததை விவரித்தார். தோலின் அடியடுக்கில் படியும் அந்தக் கறையை எடுப்பது மிகக் கடினம். கருமை கூடக்கூட அவர்கள் களிம்பையும் கூட்டினார்கள். 1990-இல் அந்த நாடு அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனைத் தடை செய்தது.

மலேசியாவிலும் அழகுசாதனத்தில் அதற்கு அனுமதி கிடையாது, மருத்துவர் தரும் மருந்தாக மட்டுமே உண்டு. இருந்தும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. அவ்வப்போது வெளியிடும் தடைப்பட்டியலில் முகக் களிம்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. சோதித்தால் கிடைப்பவை திரும்பத் திரும்ப அதே நால்வர்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, பாதரசம். பாதரசமும் டைரோசினேஸை முடக்கும், அதனால்தான் முகம் சட்டென்று வெளுக்கிறது. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டப்பாவின் மேல் பப்பாளிப் படமோ குங்குமப்பூப் படமோ இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பு இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஒரு பொருள் முறைப்படி பதிவானதா என்பதை அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை.

முடிக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

மோனோபென்சோன் பூசி உடல் முழுக்க வெளுத்துப்போனவர்களுக்கும் பெரும்பாலும் தலைமுடி கறுப்பாகவே இருக்கும். நொதி ஒன்றுதான், நிறமி ஒன்றுதான். பின் ஏன்?

முதல் காரணம் ஆழம். தோலின் நிறமிச் செல்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்தில் இருக்கின்றன. தலைமுடியின் வேர்க்குமிழ் மூன்று நான்கு மில்லிமீட்டர் கீழே. பூசும் மருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் நீர்த்துவிடும். வாய்வழி இரத்தத்தில் கலந்தால் கதை வேறு. 1936-இல் ஜெர்மனியின் ஓட்டெல் கறுப்புப் பூனைகளுக்கு ஹைட்ரோகுவினோன் கொடுத்தார். சில வாரங்களில் அவற்றின் ரோமம் நரைத்தது. கையுறைச் சம்பவத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பே கிடைத்த எச்சரிக்கை அது, தோல் பக்கம் யாரும் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

முடியைத் தாக்கும் தாவரப் பொருளுக்குப் பேராக்கிலேயே உதாரணம் உண்டு. சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் தானாய் முளைக்கும் பெத்தாய் பெலாலாங், தமிழ்நாட்டில் சூபாபுல். அதன் இலையிலும் விதையிலும் உள்ள மிமோசின் டைரோசினைப் போன்ற உருவம் கொண்டது, செம்பையும் பற்றிக்கொள்ளும், டைரோசினேஸையும் தடுக்கும். ஆனால் முடியில் அதன் முதல் வேலை நிறத்தின் மேல் இல்லை. வேரில் பிரிந்து பெருகும் செல்களையே நிறுத்திவிடுகிறது. அதிகம் தின்ற குதிரைக்குப் பிடரியும் வாலும் உதிரும், செம்மறிக்குக் கம்பளி கழன்றுவரும். ஆஸ்திரேலியாவில் கத்தரிக்கோல் இல்லாமல் கம்பளி எடுக்க இதைப் பயன்படுத்த முடியுமா என்றுகூட ஆராய்ந்தார்கள்.

வயதில் வரும் நரைக்கு வேறு விளக்கம். 2009-இல் பிரிட்டனின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினரும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் நரைமுடிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு குவிந்திருப்பதைக் கண்டார்கள். சலூனில் முடியை வெளுக்கத் தடவும் அதே பொருளை உடலே தயாரிக்கிறது. இளவயதில் அதைச் சிதைக்கும் நொதி வயதானால் குறைந்துவிடுகிறது.

முடியின் வேருக்கு இன்னொரு பொறுப்பு இருக்கிறது, வெளுத்த தோலுக்கு நிறம் திரும்புவது அதை நம்பித்தான். மயிர்க்காலின் நடுவே ஒரு புடைப்பில் நிறமிச் செல்லின் மூலச் செல்கள் உறங்குகின்றன. அவை இன்னும் முதிராதவை, டைரோசினேஸ் அவற்றில் ஓடத் தொடங்கவில்லை. வேடதாரி உள்ளே வந்தாலும் அங்கே அதைக் குவினோனாக்க ஆளில்லை. மேலே இருந்த நிறமிச் செல்களெல்லாம் செத்த பிறகு, இந்த மூலச் செல்கள் விழித்து, மயிர்க்கால் வழியே ஏறிவந்து பரவுகின்றன. அதனால்தான் வெள்ளைத் திட்டில் நிறம் ஓரத்திலிருந்து மட்டும் ஊர்ந்து வராமல், நடுவிலேயே ஒவ்வொரு ரோமத்தைச் சுற்றியும் சிறு கரும்புள்ளியாகத் தொடங்குகிறது. கானெபோ பூச்சை நிறுத்திய பெண்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாகவோ முழுவதுமாகவோ நிறம் திரும்பியதும் இந்த வழியில்தான். மெல்லிய பூனைமுடி இருக்கும் முகத்தில் நிறம் சீக்கிரம் வரும். ரோமமே இல்லாத விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் வருவது அரிது.

மருத்துவமனைகளில் வெண்புள்ளிக்கு இன்று தரப்படும் 311 நானோமீட்டர் ஒளிச் சிகிச்சை எழுப்ப முயல்வதும் அந்த உறங்கும் செல்களைத்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பல மாதங்கள். அதற்கு முன் தோல் மருத்துவர் உருப்பெருக்கியை வைத்துத் திட்டுக்குள் இருக்கும் ரோமங்களைப் பார்ப்பார். ரோமம் கறுப்பாக இருந்தால் வேரில் இருப்பு உண்டு, ஒளிக்கு அது பதில் தரும். ரோமமும் வெளுத்திருந்தால் மூலச் செல்களும் போயிருக்கலாம் என்று பொருள். அப்போது பேச்சு ஒளியை விட்டு, வேறிடத்திலிருந்து நிறமிச் செல்களை எடுத்து நடும் சிகிச்சைக்குத் திரும்பும்.